எஃப்1 அழுத்தலாமா? ஹார்ட் டிஸ்க் எச்சரிக்கையை எப்போ நம்பணும், எப்போ நம்பக்கூடாது

(எபிசோடின் ஆடியோவை, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம் இது.)

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

காலேஜ் கடைசி வருஷம். லேப்டாப்பை ஆன் பண்ணினா, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே கறுப்புத் திரையில ஒரு வரி வந்து நிற்கும். ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் பழுதாகப் போகுது, பேக்கப் எடுத்துட்டு மாத்திடுங்கன்னு அர்த்தம். அதுக்குக் கீழேயே, தொடர எஃப்1 அழுத்தவும்னு இருக்கும். நான் எஃப்1 அழுத்தினேன். மறுநாளும் அழுத்தினேன். கிட்டத்தட்ட மூணு வாரம் தினமும் அழுத்தினேன். எல்லாம் நல்லாத்தானே ஓடுது, அப்புறம் என்ன?

ஒரு நாள் காலையில உள்ளேயிருந்து டிக், டிக்னு ஒரு சத்தம். அதோட முடிஞ்சுது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஏற்கெனவே சாருக்கு மெயில் அனுப்பியிருந்ததால அது தப்பிச்சுது. தாத்தாவோட சதாபிஷேக வீடியோ தப்பிக்கல. மெமரி கார்டுல இருந்து என் லேப்டாப்புக்கு மாத்திட்டு, கார்டை அழிச்சிட்டோம். தாத்தா இப்போ இல்ல.

இதுக்கு நேரெதிரா ஒரு கதை, போன மாசம் நடந்தது. எங்க சித்தி வீட்டுல இருந்தே நாலஞ்சு கடைகளுக்குக் கணக்கு எழுதறாங்க. அவங்க டெஸ்க்டாப்புல ஃபைல் காப்பி பண்ணும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அப்படியே உறைஞ்சு நிற்குது. ஏதோ ஒரு இலவச சாஃப்ட்வேர், டிஸ்க்குல பிழைகள் அதிகம்னு சிவப்புல காட்டுது. கடைக்காரர் பார்த்துட்டு, "ஹார்ட் டிஸ்க் போச்சும்மா, மாத்தணும்"னு சொல்லிட்டார். எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய் எஸ்டிமேட். ஆனா அந்த டிஸ்க்குக்கு ஒண்ணுமே ஆகல. பிரச்சினை என்னன்னு நடுவுல சொல்றேன்.

நான் நம்பாத எச்சரிக்கை நிஜமாயிருந்தது. சித்தி நம்பினது தவறா இருந்தது. இந்த ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கறதுங்கறதுதான் இன்னைக்கு விஷயம்.

சொல்றது யாரு?

எச்சரிக்கையில என்ன எழுதியிருக்குன்னு பார்க்கறதுக்கு முன்னாடி, அதைச் சொல்றது யாருன்னு பாருங்க.

பிரவுசருக்குள்ள ஒரு பக்கம் திறந்து, "உங்கள் ஹார்ட் டிஸ்க் சேதமடைந்துள்ளது, உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்"னு சொன்னா, அது பொய். யோசிக்கவே வேண்டாம். நீங்க திறக்கிற ஒரு சாதாரண வெப்சைட்டால உங்க டிஸ்க்கோட உடல்நிலையைப் படிக்க முடியாது. டேபை மூடிடுங்க. மூட முடியலைன்னா டாஸ்க் மேனேஜர் போய் பிரவுசரையே மூடுங்க. அந்த நம்பருக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க.

அடுத்தது, நீங்க இன்ஸ்டால் பண்ணினதா ஞாபகமே இல்லாத ஒரு சாஃப்ட்வேர். 2010, 2011 வாக்கில ஒரு போலிக் கூட்டமே சுத்திக்கிட்டு இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதுக்கு 'ஃபேக்சிஸ்டெஃப்'னு பேர் வெச்சுது. கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து, டிஸ்க் பழுதுன்னு வரிசையா எச்சரிக்கை காட்டும். சரி பண்ணணும்னா காசு கட்டுன்னு சொல்லும். அதோட நிற்காது. உங்க ஃபைல்களையெல்லாம் 'ஹிடன்' ஆக்கிடும், ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்களைத் தூக்கி ஒரு டெம்ப் ஃபோல்டருக்குள்ள ஒளிச்சு வெச்சிடும். திறந்து பார்த்தா போட்டோ இல்ல, டாக்குமென்ட் இல்ல. டிஸ்க் நிஜமாவே போயிடுச்சுன்னு எவ்வளவு பேர் நம்பியிருப்பாங்க! ஆனா ஃபைல்கள் எல்லாம் அதே இடத்துலதான் இருந்தன.

மூணாவது, விண்டோஸே "இந்த டிரைவில் பிழை உள்ளது, ஸ்கேன் செய்யவும்"னு கேட்கறது. இது நிஜமான செய்திதான். ஆனா பெரும்பாலும் இது பேசறது ஃபைல் சிஸ்டத்தைப் பத்தி. ஒரு லைப்ரரியை நினைச்சுக்கோங்க. எந்தப் புத்தகம் எங்கே இருக்குன்னு எழுதி வெச்ச ரிஜிஸ்டர் குழம்பிப் போறது வேற, புத்தகம் வெச்ச அலமாரியே உளுத்துப் போறது வேற. பாதியில கரன்ட் போனாலோ, பென்டிரைவை அப்படியே பிடுங்கினாலோ ரிஜிஸ்டர் குழம்பும். அலமாரிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. இந்தச் செய்தி திரும்பத் திரும்ப வந்தா மட்டும் அலமாரியையும் சந்தேகப்படணும்.

நாலாவது, என் லேப்டாப்புல வந்தது. விண்டோஸ் லோடாகறதுக்கு முன்னாடி, பயோஸ் காட்டற எச்சரிக்கை. அங்கே டிஸ்க்கே தன்னைப் பத்திச் சொல்ற தீர்ப்பைத்தான் பயோஸ் படிச்சுக் காட்டுது. எல்லாத்தையும் விட இதுக்கு எடை அதிகம்.

டிஸ்க் தன்னைப் பத்தி எழுதற டைரி

ஹார்ட் டிஸ்க்குக்குள்ள ஒரு டைரி இருக்கு. அதோட பேர் ஸ்மார்ட். 1992ல ஐபிஎம் தன்னோட டிஸ்க்குகள்ல பழுதை முன்கூட்டியே சொல்ற ஒரு முறையைக் கொண்டுவந்தது. 1995ல காம்பாக், டிஸ்க் தயாரிக்கிற கம்பெனிகளோட சேர்ந்து செஞ்ச வேலையைப் பொதுத் தரமா மாத்தக் கொடுத்தது. அதுல இருந்து வந்ததுதான் ஸ்மார்ட். எத்தனை மணி நேரம் ஓடினேன், எத்தனை இடத்துல படிக்க முடியல, எவ்வளவு சூடானேன்னு டிஸ்க் தானே குறிச்சு வெச்சுக்கும்.

விண்டோஸ்ல இதைப் படிக்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போதும். லினக்ஸ்ல ஸ்மார்ட்மான்டூல்ஸ். திறந்தா ஒவ்வொரு வரியிலயும் சில எண்கள் இருக்கும். முதல்ல பார்த்தா தலை சுத்தும். ரெண்டு வகைதான்னு புரிஞ்சுக்கிட்டா போதும்.

ஒண்ணு, மார்க். பெரும்பாலும் 100 அல்லது 200ல ஆரம்பிச்சு, டிஸ்க் மோசமாக ஆக குறையும். பக்கத்துல பாஸ் மார்க் மாதிரி ஒரு வரம்பு இருக்கும். முக்கியமான ஒரு வரியில மார்க் அந்த வரம்பைத் தொட்டாத்தான் டிஸ்க் "நான் ஃபெயில்"னு சொல்லும். வரம்பை வைக்கிறது டிஸ்க் தயாரிக்கிற கம்பெனி. தன் பிள்ளைக்குத் தானே பேப்பர் திருத்தற மாதிரி, கொஞ்சம் தாராளமாத்தான் வெச்சிருப்பாங்க. அதனால டிஸ்க் ஃபெயில்னு சொன்னா நிலைமை ரொம்ப மோசம்னு அர்த்தம். பாஸ்னு சொன்னா அதுக்குப் பெருசா அர்த்தம் இல்ல.

இன்னொண்ணு, ரா வேல்யூ. அதாவது நேரடி எண்ணிக்கை. நாம பார்க்க வேண்டியது இதைத்தான்.

கவனிக்க வேண்டிய அஞ்சு வரிகள்

எண்கள் 5, 187, 188, 197, 198. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவுல இதே வரிகள் 05, பிபி, பிசி, சி5, சி6ன்னு வேற எண் முறையில இருக்கும். குழம்பிடாதீங்க.

டிஸ்க்குல ஒரு இடத்தைப் படிக்க முடியலைன்னா, அது முதல்ல சந்தேகப் பட்டியலுக்குப் போகும். அதுதான் 197. அடுத்த தடவை அந்த இடத்துல எழுதும்போது சோதிச்சுப் பார்க்கும். எழுத முடிஞ்சா பட்டியல்ல இருந்து எடுத்துடும். முடியலைன்னா, உபரியா வெச்சிருக்கிற வேற இடத்துக்கு அதை மாத்திடும். அப்படி மாத்தின எண்ணிக்கைதான் 5. டிஸ்க் தானே நடத்தற பின்னணிச் சோதனையில தேறாத இடங்கள் 198. சரிசெய்ய முடியாம கம்ப்யூட்டருக்குத் தெரிவிச்ச பிழைகள் 187. கேட்ட நேரத்துல பதில் சொல்லாமப் போனது 188.

இதெல்லாம் எவ்வளவு தூரம் உண்மையைச் சொல்லும்? 2007ல கூகுள் தன்னோட ஒரு லட்சத்துக்கும் மேலான டிஸ்க்குகளை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டது. டிஸ்க்கோட மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை வந்த டிஸ்க், பிழையே வராத டிஸ்க்கை விட அடுத்த 60 நாளுக்குள்ள சாக 39 மடங்கு வாய்ப்பு அதிகம்னு கண்டுபிடிச்சாங்க. இடம் மாத்தின எண்ணிக்கை முதல் தடவை ஏறினா 14 மடங்கு.

பேக்ப்ளேஸ்ங்கற ஆன்லைன் பேக்கப் கம்பெனி 2016ல தன் கணக்கை வெளியிட்டது. செத்துப்போன டிஸ்க்குகள்ல 76.7 சதவீதத்துல, நான் சொன்ன அஞ்சு வரிகள்ல ஒண்ணாவது பூஜ்ஜியத்தைத் தாண்டியிருந்தது. நல்லா ஓடிக்கிட்டிருந்த டிஸ்க்குகள்ல அப்படி இருந்தது 4.2 சதவீதம்தான்.

அதுக்காக 5ங்கற வரியில 8ன்னு இருந்தா நாளைக்கே சாவுன்னு இல்ல. எண்ணிக்கையை விட அது எப்படி நகருதுங்கறது முக்கியம். ஆறு மாசமா 8ல நிற்குதுன்னா, பழைய தழும்பு. இந்த வாரம் 8, அடுத்த வாரம் 40, அதுக்கடுத்த வாரம் 200னா, நோய் பரவிக்கிட்டு இருக்கு. அதனால இன்னைக்கே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. அடுத்த மாசம் ஒப்பிட அது இருந்தாத்தான் முடியும்.

பயமுறுத்தும், ஆனா பயப்பட வேண்டாத எண்கள்

சீகேட் டிஸ்க் வெச்சிருக்கீங்களா? 1, 7 ரெண்டு வரிகளையும் பாருங்க. படிக்கும்போது வந்த பிழை, தேடும்போது வந்த பிழைன்னு பேர் இருக்கும். எண் கோடிக்கணக்குல இருக்கும். பதறாதீங்க. மொத்தம் எத்தனை தடவை தேடினோம்ங்கற கணக்கையும், அதுல எத்தனை பிழைங்கறதையும் சீகேட் ஒரே எண்ணுக்குள்ள அடைச்சு வைக்குது. நல்ல டிஸ்க்குலயும் அது அப்படித்தான் தெரியும். அங்கே மார்க்கை மட்டும் பார்த்தா போதும்.

சித்தியோட கம்ப்யூட்டர்ல நடந்தது 199, அதாவது சி7. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல டேட்டா போற வழியில ஏற்படற பிழை அது. சித்தியோட டிஸ்க்குல 5, 197, 198 எல்லாம் பூஜ்ஜியம். 199 மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. கேபினெட்டைத் திறந்து பார்த்தா சாட்டா கேபிள் லொடலொடன்னு ஆடுது. கேபிளை மாத்தினேன். உறையறது நின்னுபோச்சு. செலவு நூறு ரூபாய்க்குள்ள.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, கேபிளை மாத்தினாலும் அந்த எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது. அது டைரி, நடந்ததை அழிக்காது. அதுக்கு மேல ஏறுதான்னு மட்டும் பாருங்க. ஏறலைன்னா வேலை முடிஞ்சுது.

கம்பெனியே போட்ட தப்பு மணி

எச்சரிக்கை நிஜமான இடத்துல இருந்து வந்தும் தப்பா இருக்கலாம். க்ரூஷியல் எம்எக்ஸ்500ங்கற எஸ்எஸ்டியில 197ங்கற எண் திடீர்னு 1 ஆகும், கொஞ்ச நேரத்துல மறுபடி 0 ஆயிடும். சந்தேக இடம்னு எதுவும் இல்லாமலே இது நடக்கும். ஸ்மார்ட்மான்டூல்ஸ் எழுதறவங்க அலுத்துப் போய், தங்களோட பட்டியல்ல அந்த வரிக்கு முன்னாடி 'போலி'ன்னே பேர் சேர்த்துட்டாங்க.

2023ல சினாலஜி நாஸ் பெட்டி வெச்சிருந்த பலருக்கு வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குல எச்சரிக்கை வந்தது. காரணம், டிஸ்க் மூணு வருஷம், அதாவது 26,280 மணி நேரம் ஓடி முடிச்சிருந்தது. பிழை எதுவும் பதிவாகாத டிஸ்க்குகளுக்கும் எச்சரிக்கை வந்ததால பயனர்கள் கொதிச்சுப் போயிட்டாங்க. வயசை நோயா காட்டலாமான்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. வயசு ஒரு தகவல், அவ்வளவுதான்.

எஸ்எஸ்டி வேற ஜாதி

என்விஎம்இ எஸ்எஸ்டியில பார்க்க வேண்டியது மூணு: மீடியா பிழைகள், மிச்சமிருக்கிற உபரி இடம், எவ்வளவு சதவீதம் தேய்ஞ்சிருக்குன்னு சொல்ற எண். இந்தத் தேய்மான எண் 100ஐத் தொட்டா, கம்பெனி கணக்குப் போட்ட ஆயுள் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதையும் தாண்டி ஓடலாம். மாத்தத் திட்டம் போட ஆரம்பிங்க, பதற வேண்டாம். ஆனா மீடியா பிழை ஏறினாலோ, உபரி இடம் வேகமா குறைஞ்சாலோ பதறலாம்.

இந்த எண்ணும் எப்பவுமே சரியா இருக்காது. 2023 தொடக்கத்துல சாம்சங் 990 ப்ரோ வாங்கினவங்க, புது டிரைவோட ஆரோக்கியம் மளமளன்னு இறங்கறதைப் பார்த்தாங்க. சாம்சங் ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்துதான் அதை நிறுத்துச்சு. அதனால எண்ணைப் பார்த்துக் கவலை வந்தா, முதல்ல ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கான்னு பாருங்க. அதையும் பேக்கப் எடுத்த பிறகுதான் போடணும்.

மணி அடிக்காமலே வர்ற சாவு

இன்னொரு பக்கம் இருக்கு. கூகுளோட அதே ஆய்வுல, செத்துப்போன டிஸ்க்குகள்ல 36 சதவீதத்துல சூட்டைத் தவிர எந்த ஸ்மார்ட் அறிகுறியும் இல்ல. 2019ல எச்பிஇ தன்னோட சில சர்வர் எஸ்எஸ்டிகளைப் பத்தி அறிவிச்சது: ஃபர்ம்வேர் கோளாறால, 32,768 மணி நேரம் ஓடினதும் அவை செத்துடும், டேட்டாவும் திரும்ப வராது. தேய்மானம் காரணம் இல்ல, வெறும் நிரல் பிழை. அப்டேட் போட்டவங்க தப்பிச்சாங்க.

அதனால கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவுல நீலக் கலர்ல நல்லா இருக்குன்னு காட்டினா, அதை உத்தரவாதமா எடுத்துக்காதீங்க. இதுவரைக்கும் கெட்ட செய்தி இல்லைன்னு மட்டும்தான் அது சொல்லுது. யூஎஸ்பி பெட்டிக்குள்ள இருக்கிற சில டிஸ்க்குகள் ஸ்மார்ட் தகவலை வெளியே விடவே விடாது, அதையும் மனசுல வைங்க.

எச்சரிக்கை வந்தா என்ன வரிசையில செய்யணும்

முதல்ல பேக்கப். எச்சரிக்கை நிஜமா பொய்யான்னு ஆராய்ச்சி அப்புறம். பொய்யான எச்சரிக்கைக்குப் பேக்கப் எடுத்தா ஒரு சாயங்காலம் வீணாகும். நிஜமான எச்சரிக்கைக்கு எடுக்கலைன்னா, என் தாத்தாவோட வீடியோ. திரும்பக் கிடைக்காததை முதல்ல காப்பி பண்ணுங்க: போட்டோ, வீடியோ, நீங்க எழுதினது. சினிமா, கேம்ஸ், இன்ஸ்டாலர் எல்லாம் கடைசி.

பேக்கப் முடியற வரைக்கும் செக்டிஸ்க் வேண்டாம், டிஃப்ராக் வேண்டாம். சாகப்போற டிஸ்க்கை மைதானத்தைச் சுத்தி ஓடச் சொல்ற மாதிரி அது. டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணுங்க. திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. உள்ளே இருக்கிறது விலைமதிப்பில்லாததுன்னா, அந்த நிலையில டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்டதான் போகணும். வீட்டுல டிஸ்க்கைப் பிரிச்சிடாதீங்க, தூசு பட்டாலே முடிஞ்சுது.

ரெண்டாவது, அந்த அஞ்சு வரிகளைப் பாருங்க. 199ஐயும் பாருங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுங்க.

மூணாவது, டிஸ்க்கோட சுயபரிசோதனை. ஜிஸ்மார்ட்கன்ட்ரோல்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல நீளமான டெஸ்ட்டைப் போடுங்க. டிஸ்க் தன்னை முழுசா தானே படிச்சுப் பார்க்கும். பெரிய டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுட்டுத் தூங்கலாம். லேப்டாப் தூங்கிடாம மட்டும் செட்டிங்கை மாத்திடுங்க. படிப்புப் பிழையில டெஸ்ட் நின்னுச்சுன்னா, அந்தப் பிழை பொய் இல்ல.

நாலாவது, 197 மட்டும் ஏறியிருக்கு, மத்ததெல்லாம் பூஜ்ஜியம்னா, அது எழுதும்போது கரன்ட் போனதால கூட இருக்கலாம். டேட்டா முழுக்க வேற இடத்துல பத்திரமா இருக்குன்னு உறுதிபண்ணிக்கிட்டு, 'க்விக்' டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மட் பண்ணிப் பாருங்க. 197 பூஜ்ஜியமாகி, 5 ஏறாம இருந்தா, அந்த இடங்கள் நல்லாத்தான் இருக்கு. 5 ஏறினா டிஸ்க்கை முக்கியமான வேலைக்கு நம்பாதீங்க. வாரன்டி இருந்தா கேளுங்க.

கடைக்குப் போனா ஒரே ஒரு கேள்வி: "அண்ணா, எந்த வரியைப் பார்த்துச் சொல்றீங்க? காட்டுங்க." நல்ல மெக்கானிக் சந்தோஷமா காட்டுவார்.

சித்திக்கு அந்த ஏழாயிரம் மிச்சமாச்சு. அதை அப்படியே வைக்க விடல. ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்க வெச்சேன். இப்போ ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கு ஃபைல்களை அதுல காப்பி பண்ணிட்டு, கழட்டி பீரோவுல வெச்சிடறாங்க. போன வாரம் போன் பண்ணி, "டேய், அந்த நீலக் கலர் நீலமாவே இருக்குடா, இந்த வாரமும் காப்பி பண்ணணுமா?"ன்னு கேட்டாங்க.

பண்ணுங்க சித்தி. நீங்களும்தான், கேட்டுக்கிட்டு இருக்கிறவங்களே. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.